காட்டுங் கருவியும் காணும் உயிரும்

காட்டினாலன்றிக் காணமாட்டாதது உயிர் எனின், அதுவுஞ் சடமேயாகாதோ என வினவுவார் உளர். இக்காலத்து ஜி.பி.எஸ். கைக்கருவியை வைத்து இதனை ஆராய்வாம்.

செயற்கைக்கோட் குறிப்பில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கிற்று. உடனே, பிறர் மறைத்துவைத்த பேழையை இக்கருவிகொண்டு தேடும் ஜியோகேச்சிங் என்னும் விளையாட்டு ஆண்டுத் தோன்றிற்று.

விருதுநகர்க் கரிசல்வெளியில் வானம் மறைவின்றி விளங்குதலின், வேண்டப்படும் நான்கு கோள்களும் எளிதிற் கிட்டும். புதிதாகப் பயில்வோன் அசையாது நின்று அம்புக்குறியை நோக்குவான். அஃது அங்குமிங்குஞ் சுழலும். திசைமானி இல்லாத எளிய கருவி, ஏந்தியவன் இடம்பெயர்தல்கொண்டே திசையைக் கணிப்பது. நடந்தாலன்றி அம்பு நிலைபெறாது. சரியை கிரியைகளை இகழ்ந்து ஞானமே பேசுவார் இதனைச் சிறிது எண்ணுவாராக.

இலக்கை அணுகியபின்னும் சில மீட்டர்ப் பிழை எஞ்சும். அப்பால் கல்லைப் புரட்டித் தேடுவன கையுங் கண்ணுமே. இடையே சிவகாசிப் பட்டாசாலையின் மருந்தறை வேலி குறுக்கிடினும், அம்பு அதனூடே நேர்வழி காட்டும். அவ்வழி தகாதென விலகுவது உயிரறிவு.

ஆகலின் கருவி காட்டும், உடன்நின்று காணாது. முதல்வனோ காட்டுதலோடு காண்டலாகிய உபகாரமுஞ் செய்வன் என்பது சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரத்துப் பொருள். எனவே கருவியைக் குருவுக்கு உவமைகூறுவார் கூற்று ஒருபுடையே பொருந்தும். உயிரும் சடமன்று: கருவி எத்துணை முறை திருத்தினும் தன் பிழையைத் தான் உணராது, உயிரோ அறிவிக்க அறியும்.