எண்ணும் ஏதுப்போலியும்

உடலில் நோவொன்றும் இல்லாதான் ஒருவன், தாளிற் பொறித்த ஓர் எண்ணைக் கண்டு தன்னை நோயாளன் எனத் துணிவானாயின், அத்துணிவு அளவைக்கு ஒத்ததோ, அன்றோ? இவ்வினா எம்மனத்து எழுந்தது நூலாராய்ச்சியான் அன்று. எம் நண்பர் ஒருவர் ஐந்து திங்கள் பட்ட இடரை அருகிருந்து காண நேர்ந்தமையான் எழுந்ததாம்.

அவர் நாற்பது அகவையினர். சித்தாந்த வகுப்பு நடாத்துபவர். பிரதோஷ நோன்பும் சிவராத்திரி நோன்பும் வழுவாதவர். ஓராண்டு சிவராத்திரியில் உணவொழித்து இரவெல்லாம் கண்விழித்திருந்து, மறுநாட் காலை பாரணத்திற்கு முன்னரே, வெறுவயிறாயிருத்தல் சோதனைக்கு வாய்ப்பென்று கருதிக் குருதி கொடுத்தார். இருபத்திரண்டு பொருள்களை அளந்து எழுதிய தாளில் இருபத்தொன்று வரம்பினுள் நின்றன. பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் ஒன்று மட்டும், டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம் மேல்வரம்பாக அச்சிட்டிருந்த இடத்தில் 1.9 என நின்றது. அதன் அருகே ஓர் உடுக்குறி. அக்குறியொன்றே அவர்க்குப் போதியதாயிற்று. கல்லீரல் கெட்டது எனத் துணிந்தார். ஐந்து திங்களில் ஏழுமுறை, மூன்று சோதனைச்சாலைகளிற் குருதி கொடுத்தார். காலைதோறும் கண்ணாடிமுன் நின்று கண்ணின் வெள்ளையை ஆராய்ந்தார். மனைவியாரையும் ஆராயச் செய்தார். நோன்பு நின்றது, பின்னர் வகுப்பும் நின்றது. அப்பரடிகட்கு வந்த சூலை குடரைப் பற்றிய மெய்ந்நோய். இவரைப் பற்றியதோ ஒரு தாள்.

இனி, அவர் துணிவை அளவை முறையில் வைத்து நோக்குவாம். "இவ்வுடம்பு நோயுடைத்து; எண் வரம்பு கடந்தமையின்; நோயுற்றார் பிறர் உடம்பு போல" என்பது அவர்தம் கருதலளவை. புகையென்னும் ஏது தீயுள்ள அடுக்களையில் உளதாய்த் தீயில்லாத நீர்நிலையில் இலதாதல் போல, நல்லேது சபக்கத்தில் நின்று விபக்கத்தில் நில்லாமை வேண்டும். வரம்பு கடத்தல் என்னும் ஏது அத்தகையதோ என்றறிதற்கு, அவ்வரம்பு எங்ஙனம் வகுக்கப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். நோயின்றி நலமுற்றார் பலரைத் தெரிந்து, அவர் குருதியை அளந்து, எண்களைச் சிறுமை பெருமை முறையான் அடுக்கி, கீழே நூற்றுக்கு இரண்டரையும் மேலே இரண்டரையும் களைந்து, இடைநின்ற 95 பங்கையே வரம்பென அச்சிடுதல் சோதனைச்சாலைகளின் பெருவழக்கு. ஆகவே நலமுற்றார் நூற்றுவருள் ஐவர், வரம்பு வகுத்த முறையானே, அதற்குப் புறத்தராயினர். ஏது விபக்கத்தினும் நிற்றலின் இஃது அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியாதல் வெளிப்படை.

ஒரு பொருளை அளப்பின் ஐவர். ஒன்றனையொன்று சாராத இருபது பொருள்களை அளப்பினோ, நலமுற்றார் நூற்றுவருள் ஏறக்குறைய 64 பேர்க்கு ஒன்றேனும் வரம்பு கடந்து தோன்றும் என்பது கணக்கு. அஃதாவது குறியொன்றும் இல்லாத தாள் பெறுபவரே சிறுபான்மையர். பின்லாந்து நாட்டறிஞர் கிராஸ்பெக், சாரிஸ் என்னும் இருவர் 1969-ஆம் ஆண்டில், 'இயல்பான அளவு' என்னும் பெயர் மயக்கந் தருதலின் அதனை விடுத்து 'ஒப்புநோக்கற்குரிய அளவு' என்னும் பொருள்பட வழங்குதலே தக்கதென எடுத்துரைத்தனர். எல்லா வரம்பும் இவ்வாறு வகுக்கப்பட்டனவும் அல்ல. வெறுவயிற்றுச் சர்க்கரைக்கு இயல்பின் மேலெல்லை 110-ஆக இருந்ததனை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2003-இல் 100-ஆகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனம் 110 என்றே நிறுத்தியது. 104 உடையான் ஒருவன் ஓரவையில் இயல்பினன், மற்றோரவையில் இயல்பிறந்தான். அவன் குருதியோ ஒன்றே.

அற்றேல், எண்ணைப் பொருட்படுத்தாது விடுதலே நன்றெனின், அன்று. போலியேது முடிபைத் தாராதேனும் ஆராய்ச்சியைத் தொடங்கி வைக்கும். எல்லாம் வினைப்பயனே, சோதனை எற்றுக்கு என்பாரும் நம்முள் உளர். அவர் மூக்குக்கண்ணாடியின்றி ஏடு படிக்கக் கண்டிலேம். வினை நுகர்ச்சிக்கு உடம்பு வாயிலாதல் போல, மருந்தும் மருத்துவனும் அவ்வினைவழியே கூடுவனவாகலின், ஒன்றைக் கொண்டு ஒன்றை விலக்குதல் பொருந்தாது.

நண்பரின் மருத்துவர் பிற ஏதுக்களைத் தேடினார். குருதியின் செவ்வணு ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து சிதையும்; அச்சிதைவிற் பிறப்பதே பிலிருபின். அதனைக் கல்லீரல் ஒரு நொதியான் மாற்றிப் பித்தத்தோடு போக்கும். அந்நொதி பிறப்பிலேயே குறைந்தார் சிலர் உளர். பிரெஞ்சு மருத்துவர் கில்பர்ட் 1901-ஆம் ஆண்டில் எழுதி வைத்தமையின் அவர் பெயரான் வழங்கும் இந்நிலை கேடு செய்வதன்று, மருந்தும் வேண்டாதது. வியப்பு யாதெனின், உணவொழித்தலே இவர்க்குப் பிலிருபினை ஏற்றும். செவ்வணுச் சிதைவு மிகவில்லை, கல்லீரலின் பிற அளவைகள் செவ்விய, உணவுண்டு கொடுத்த குருதியில் 1.3 மட்டுமே என்று கண்டு, நோன்பு காட்டிய நிறம் அது என்று மருத்துவர் கூறினார். இவ்வேதுக்கள் கூடி நின்று முடிபைத் தந்தன.

ஆயினும் அச்சம் போகவில்லை. ஈண்டே எம் வினா ஆழமுடைத்தாயிற்று. குற்றியோ மகனோ என்னும் ஐயம் அருகணைந்து கண்டவழி ஒழியும். இவர் ஐயமோ ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் பத்துநாள் அடங்கி, முன்னினும் வலிதாய் எழுந்தது. அளவையான் அறுபடாத ஐயம் ஐயமாதல் யாங்ஙனம்? யாம் கருதுவது இது: அவர் குருதியைக் கேட்ட வினா கல்லீரலைப் பற்றியதன்று. இவ்வுடம்பு எனக்கு நிலைக்குமோ என்பதே அது. நிலையாது என்னும் விடையை அவரே ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பித்து வந்தார். கற்பித்ததனை மறுத்துரைக்கும் பிணையாளனாகத் தாளை நிறுத்தினார். தாள் பத்துநாட்குமேற் பிணை நில்லாதாயிற்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது என்பதனை நூலிற் படித்திருக்கின்றோம். எண்ணைச் சார்ந்த உயிர் எண்ணாய் ஏறியும் இறங்கியும் நிற்றலை நேரே கண்டது அப்பொழுதே.

யாமும் அவர்க்கு ஒரு பிழை செய்தோம். "ஒன்றுமில்லை, வீண் அச்சம்" எனப் பன்முறை கடிந்தோம். அச்சத்திற்குப் பற்றுக்கோடாகிய நோய் பொய்யே. அவர் நுகர்ந்த அச்சமோ தன்வேதனைக் காட்சிக்குப் புலனாய மெய். அதனை இல்லையென்றவர்பால் அவர் உண்மை பேசுதலை ஒழித்தார். அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நூலில் நோயச்சத்தையே தனியொரு நோயாக வைத்து எண்ணியிருத்தலைப் பின்னரே அறிந்தோம். அத்துறை மருத்துவர் ஒருவர் அவரை ஏசவுமில்லை, தேற்றவுமில்லை. ஓராண்டு குருதி கொடாதிருத்தல், கண்ணைப் பார்க்குமாறு பிறரை வேண்டாதிருத்தல் என்னும் இரண்டையே வேண்டினார். தேறுதல் கேட்டுப் பெறுந்தோறும் அச்சம் உரம் பெறும் என்பது அவர் கூறிய காரணம். முதல் திங்கள் மிகக் கடிதாயிருந்தது என்பர் மனைவியார்.

சென்ற சிவராத்திரியில் நண்பர் மீண்டும் நோன்பிருந்தார். மறுநாட் காலை கண்ணாடியில் நோக்கியதாகவும், வெள்ளை சிறிது மஞ்சளித்திருந்ததாகவும், பாரணம் முடித்து வகுப்பிற்குப் போயினதாகவும் எம்மிடம் உரைத்தார்.