பொய் என்று தெரிந்த பொய்

கவிஞன் தன் காதலியை நிலவு என்கிறான். அவள் நிலவல்லள் என்பதை அவனும் அறிவான், கேட்பவரும் அறிவர். அங்ஙனமாயின் அவன் பொய்யனா? மத்ரஸாவில் பலாஃகா என்னும் அணியியல் பாடம் நடத்தி வரும் இத்தனை ஆண்டுகளில், இவ்வினாவை எழுப்பாத மாணவர் அணி ஒன்றையும் நாம் கண்டதில்லை. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்துல் காஹிர் ஜுர்ஜானீ தம் 'அஸ்ராருல் பலாஃகா'வில் இதற்குத் தக்யீல் என்றொரு பெயரிட்டு விரிவாக ஆராய்ந்துள்ளார். அதைச் சொல்லியே மாணவரை அமைதிப்படுத்தி வந்தோம். உண்மையைச் சொன்னால், நம் உள்ளம் முழுமையாக அமைதியுற்றதில்லை. அண்மையில் அதற்கு ஓரளவு தெளிவு கிடைத்தது. கிடைத்த இடம்தான் சற்று வேடிக்கையானது. ஆங்கிலேயரின் தொலைக்காட்சியில் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட விண்வெளி நகைச்சுவை நாடகங்களே அவ்விடம்.

நம்மிடம் அரபு பயின்று, பின்னர் இங்கிலாந்தில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய மாணவர் ஒருவர், விடுமுறை நாளொன்றில் தம் கணினியில் அவற்றை நமக்குக் காட்டினார். 'ரெட் டுவார்ஃப்' என்பது முதல் நாடகம். கப்பலின் சுவர், கட்டில், கதவு யாவும் ஒரே சாம்பல் நிறம். குடிக்கும் தகரக் குவளைக்குக்கூட அதே நிறம் பூசியிருந்தார்கள். "இதற்கா இவ்வளவு புகழ்?" என்று கேட்டோம். "ஹஜ்ரத், இன்னும் பத்து நிமிடம் பாருங்கள்" என்றார். பார்த்தோம். பத்து நிமிடம் மூன்று மாலைகளாயிற்று.

ராப் கிராண்ட், டக் நெய்லர் என்னும் இருவர் எழுதிய இந்நாடகம், 1988 பிப்ரவரி 15 அன்று பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசையில் தொடங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டே ஒத்திகை முடிந்திருந்தும், மின்பணியாளர் வேலைநிறுத்தத்தால் ஒளிப்பதிவு தள்ளிப்போயிற்று என்பர். கதை எளியது. சுரங்கக் கப்பல் ஒன்றில் கதிரியக்கம் கசிந்து அனைவரும் மாண்டுபோகின்றனர். பூனையொன்றைக் கள்ளத்தனமாய்க் கொண்டுவந்த குற்றத்துக்காகக் காலம் உறைந்த அறையில் அடைக்கப்பட்டிருந்த லிஸ்டர் என்னும் கடைநிலை ஊழியன் மட்டும் பிழைக்கிறான். அவன் விழிக்கும்போது முப்பது இலட்சம் ஆண்டுகள் கழிந்துவிட்டன. துணைக்கு மூவர்: மூளை மங்கிய கணினி ஒன்று, அந்தப் பூனையின் வழித்தோன்றலாய் மனித உருப்பெற்ற பகட்டன் ஒருவன், இறந்துபோன ரிம்மரின் ஒளியுரு. இந்த ரிம்மர் உயிரோடிருந்தபோது லிஸ்டருக்கு ஒரு படி மேலானவன். இருவருக்கும் வாய்த்த உத்தியோகமோ, கோழிச்சாறு வழங்கும் எந்திரத்தின் அடைப்பை எடுப்பது போன்றது.

இந்த ரிம்மரிடந்தான் நாம் தேடிய விடை இருந்தது. அவன் இறந்தவன், ஒளியால் ஆனவன், எதையும் தொட இயலாதவன். இதை எப்படிக் காட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? நடிகரின் நெற்றியில் ஓர் ஆங்கில எழுத்தை ஒட்டினார்கள். அவ்வளவே. ஊடுருவித் தெரியும் உடலும் இல்லை, ஒளிவட்டமும் இல்லை. 'இவர் ஒளியுரு என்று வைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுத்து வேண்டுகிறது. 'வைத்துக்கொண்டோம்' என்று நாம் இசைகிறோம். அந்த இசைவு கிடைத்த மறுகணமே, தன் கையால் ஒரு கதவைக்கூடத் திறக்க முடியாதவனின் ஏக்கம் நமக்கு மெய்யாகவே உறைக்கிறது. தேர்வுத்தாளில் 'நான் ஒரு மீன்' என்று நானூறு முறை எழுதிவிட்டு மயங்கி விழுந்தவன் என்று அவனைக் கேலி செய்யும்போது நாமும் சிரித்தோம். உடனே, நம் வகுப்பில் விடைத்தாளைப் பார்த்தபடி வியர்த்து அமர்ந்திருந்த சில முகங்கள் நினைவுக்கு வந்து சிரிப்பு பாதியில் நின்றது. நெற்றியில் ஒட்டிய ஓர் எழுத்து இத்தனையும் செய்தது.

பொய் என்பது கேட்பவனின் அறிவை மறைத்து அவனிடமிருந்து எதையோ பறிப்பது. இங்கே மறைப்பும் இல்லை, பறிப்பும் இல்லை. காட்டுபவன் தன் கைவறுமையை மறைக்க முயலாமல் நம் கற்பனையைக் கடனாகக் கேட்கிறான். நாம் விரும்பித் தருகிறோம். தக்யீல் என்று ஜுர்ஜானீ சொன்னதை இந்த அளவு துலக்கமாக எந்தக் கிதாபின் உரையிலும் நாம் உணர்ந்ததில்லை என்றால் மிகையன்று.

சிரிப்பொலியையும் சொல்லவேண்டும். முதல் தொடர்கள் மான்செஸ்டர் அரங்கில் பார்வையாளர் முன்னிலையிலேயே பதிவாயின. அண்டத்தில் எஞ்சிய ஒரே மனிதன் தன் தனிமையைச் சொல்கிறான். அந்த ஆளற்ற வெளியிலிருந்து மக்கள் கூட்டத்தின் சிரிப்பு எழுகிறது. அறிவுக்கு இது பொருந்தாது. ஆயினும் யாருக்கும் உறுத்தவில்லை; உடன்படிக்கை அவ்வளவு உறுதியாய் இருந்தது.

இவ்வளவும் எழுதிய பிறகு நம் வாதத்துக்கே இடையூறான ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1978இல் வானொலியில் தொடங்கி, 1981இல் ஆறு பகுதிகளாகத் தொலைக்காட்சிக்கு வந்த டக்ளஸ் ஆடம்சின் 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்சி' நாடகத்தில், இரு தலைகள் கொண்ட ஒருவன் வருகிறான். இரண்டாம் தலை எந்திரத்தால் இயங்குவது. பல காட்சிகளில் அது செயலற்றுத் தோளில் சும்மா கிடந்தது. இது நாம் சொன்ன வகையே. ஆனால் அதே நாடகத்தில், அண்டத்தைப் பற்றிய அறிவுநூல் ஒன்று திரையில் எழுத்தும் படமுமாய் விரியும். பார்த்தவர்கள் அதைக் கணினியின் வேலை என்றே நம்பினர். உண்மையில் கணினி எதுவும் இல்லை. கருந்தாளில் ஒளி புகும்படி வரைந்து, பின்னால் விளக்கேற்றி, வண்ணத் தாள்களை இடையிட்டு, சட்டம் சட்டமாகக் கையால் எடுத்த படம் அது. இங்கே இசைவு கேட்கப்படவில்லை. கண் ஏமாந்தது. இது பொய்யல்லவா?

பல நாள் இதை எண்ணிப் பார்த்தோம். திரைக்குப் பின் விளக்கு என்றதும், ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் மூசில் நகரில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த கண் மருத்துவர் இப்னு தானியால் நினைவுக்கு வந்தார். தோற்பாவையின் நிழலைத் திரையில் ஆட்டும் கூத்துக்கு அவர் எழுதிய மூன்று நகைச்சுவை நாடகங்கள் இன்றும் கிடைக்கின்றன. கெய்ரோவின் அந்த விளக்குக்கும் 1981இன் இந்த விளக்குக்கும் தொழிலில் வேறுபாடு சிறிதே. எனினும் பாவைக்கூத்தில் விளக்கு உண்டென்பது சபைக்குத் தெரியும். இங்கே தெரியாது. ஆகவே இதைத் தக்யீல் என்று நாம் காப்பாற்ற விரும்பவில்லை. கற்பனை நூலொன்றின் பக்கங்கள் எவ்வாறு வரையப்பட்டன என்பதில் யாருக்கும் உரிமை எதுவும் பறிபோகவில்லை என்று மட்டும் சொல்லலாம். மாணவர் இதை ஏற்கவில்லை. "கண்ணை ஏமாற்றினால் ஏமாற்றியதுதான்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இன்னும் கடினமானது பின்னர் வந்தது. 'ரெட் டுவார்ஃப்' புகழ்பெற்றது. அதன் ஒரு பகுதி 1994இல் பன்னாட்டு எம்மி விருதும் வென்றது. கையில் வசதி வந்தபின், 1998இல் முதல் மூன்று தொடர்களையும் திருத்தி வெளியிட்டார்கள். பீட்டர் ராக் என்பவரின் குழு செய்து படமெடுத்த கப்பல் உருமாதிரிகளை நீக்கிவிட்டுக் கணினியில் வரைந்த கப்பலைச் சேர்த்தார்கள். கணினி முகமாக நடித்தவரை அழைத்துச் சில காட்சிகளைப் புதிதாய் எடுத்தார்கள். நீண்ட நாள் அன்பர்களுள் பலர் முகம் சுளித்தனர். பழைய வடிவமே 2002 முதல் குறுந்தட்டில் வெளிவந்தது.

தன் பழைய குறையைத் திருத்த ஆக்கியோனுக்கு உரிமை இல்லையா? உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் அச்சிட்ட இலக்கணக் குறிப்பை இன்று கண்டால் கை பேனாவைத் தேடுகிறது. மேலும், வறுமையை அழகென்று போற்றுவது பசியறியாதவர் பேச்சு. அந்தக் கலைஞர்கள் பணம் குறைவாக வேண்டும் என்று மன்றாடியதில்லை. கிடைத்ததைக் கொண்டு செய்தார்கள். குறைந்த செலவில் வந்ததெல்லாம் இனிக்கும் என்பதும் இல்லை. அக்கறையின்றிச் செய்த மலிவுக்குக் குறைவா என்ன?

ஆனால் திருத்தியோர் ஒன்றை மறந்தனர் என்பது நம் கருத்து. அந்தக் கப்பல் பாதி மரமும் பிளாஸ்டிக்கும் என்றால், மறுபாதி பார்த்தவர் இட்டு நிரப்பியது. பத்தாண்டுகளாய் அவர்கள் உள்ளத்தில் பறந்த கப்பல் அது. கடனாக வாங்கிய பொருளை, கொடுத்தவரைக் கேளாமல், புதியது தருகிறேன் என்று மாற்றுவதும் ஓர் அமானிதப் பிசகே. புதியது விலையுயர்ந்ததாய் இருக்கலாம், கேட்டுச் செய்திருக்கவேண்டும்.

2012இல் பத்தாம் தொடர் வந்தபோது மீண்டும் கையால் செய்த உருமாதிரிகளையே பயன்படுத்தினார்கள் என்று மாணவர் சொன்னார். செலவு கருதியா, மனம் மாறியா என்று கேட்டோம். "இரண்டும் இருக்கலாம், ஹஜ்ரத்" என்று சிரித்தபடி அடுத்த பகுதியை ஓடவிட்டார்.