‘டெட்’ என்று எழுதும் முன்

ஹைதராபாத்துக்குக் கணினி நேற்று வந்த விருந்தாளி இல்லை. 1967-இல் இங்கே தொடங்கப்பட்ட இசிஐஎல் நிறுவனம் டிடிசி-12 என்ற கணினியைத் தயாரித்த ஊர் இது. இன்று செகந்திராபாத் பார்க் லேனின் செனாய் டிரேட் சென்டரும் கோட்டியின் குஜராத்தி கல்லியும் கணினிக்கும் எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்கும் பேர்போன கடைத்தெருக்கள். இப்படிப்பட்ட தெரு எதிலும் 286, 386, 486 காலத்து மதர்போர்டு ஒன்று மேசைக்கு வந்தால் அதன் தலைவிதி இரண்டு நிமிடத்தில் முடிவாகிவிடும். கைக்கு எட்டிய எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியை, மாட்டி சுவிட்சைப் போடுவார்கள். பீப் இல்லை, திரையில் எழுத்து இல்லை. ‘போர்டு டெட்.’ அதற்கு மேல் அது எடைக்குப் போகும் பழைய சாமான். இந்தத் தீர்ப்புக்குச் சாட்சி யார்? போர்டு எதுவும் சொல்லவில்லை. சொல்லாததையே சாட்சியமாக எடுத்துக்கொண்டோம். பழைய போர்டைச் சோதிக்க எந்த எஸ்எம்பிஎஸ் பொருத்தம் என்பது வோல்ட், ஆம்பியர் கணக்கோடு முடிகிற விஷயமாகத் தெரியும். அதற்குள் நம் தருக்க நூல்கள் நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: மௌனம் எப்போது சாட்சியாகும்?

ஒன்று இல்லை என்பதை எப்படி அறிகிறோம்? குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள் இதற்கென்றே அனுபலப்தி (காணாமை) என்று தனி அளவை, அதாவது அறியும் வழி, வகுத்தார்கள். மணிமேகலையின் 27-ஆம் காதை அளவைகளை எண்ணும்போது அபாவத்தையும் (இன்மையையும்) சேர்த்தே எண்ணுகிறது. தனி அளவை எதற்கு, காட்சியே போதும் என்றார்கள் நியாயவாதிகள். பௌத்தரான தர்மகீர்த்தி அதைக் கருதல் அளவைக்குள் அடக்கினார். எந்தப் பெட்டியில் போடுவது என்பதில்தான் இவ்வளவு சண்டை; ஒரு நிபந்தனையில் மட்டும் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள். காணத் தக்க பொருள், காணத் தக்க சூழலில், காணப்படாமல் போனால்தான் ‘இல்லை’ என்று சொல்லலாம். வெளிச்சமான அறையில் கண்ணுள்ளவன் பார்த்தும் பானை தென்படவில்லை என்றால் பானை இல்லை. இருட்டறையில் தென்படவில்லை என்றால் குறை விளக்கில் இருக்கிறது, பானையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. பிசாசை உதாரணம் காட்டுவது தருக்க நூல்களின் வழக்கம்: கண்ணுக்கே தெரியாதது என்று கொள்ளப்பட்ட ஒன்றைக் கண்ணால் பார்த்து இல்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

போர்டுக்கு அந்த விளக்கு எஸ்எம்பிஎஸ்தான். 1981-இன் ஐபிஎம் பிசி தொடங்கிப் பல ஆண்டுகள் வந்த போர்டுகளுக்கு பி8, பி9 என்று இரண்டு கனெக்டர்கள். மாட்டும்போது கறுப்பு வயர்கள் நான்கும் நடுவில் ஒன்றாகச் சேர வேண்டும். இடம் மாறினால் சோதனையே கொலையாகிவிடும். பி8-இன் முதல் காலில், பெரும்பாலும் ஆரஞ்சு வயரில், ‘பவர் குட்’ என்ற சமிக்ஞை வரும். மின்னழுத்தங்கள் நிலைகொண்ட பிறகு எஸ்எம்பிஎஸ் தரும் உத்தரவு அது. அந்த உத்தரவு கிடைக்காதவரை பிராசஸர் ரீசெட் நிலையிலேயே காத்து நிற்கும். 5 வோல்ட் சரியாக இருக்கும், 12 வோல்ட் சரியாக இருக்கும், விசிறி சுழலும், போர்டு மட்டும் ஊமையாக இருக்கும். அது செத்துப்போகவில்லை, பேசு என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அடுத்தது மைனஸ் 5 வோல்ட். முதல் பிசி போர்டில் இருந்த 4116 நினைவகச் சில்லுகள் அது இல்லாமல் இயங்கா. 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறையில் தொடக்கத்தில் மைனஸ் 5 இருந்தது. பின்னால் வந்த திருத்தங்கள் அதைக் கழற்றிவிட்டன. ஆகவே புது எஸ்எம்பிஎஸ்ஸை அடாப்டர் வைத்து மாட்டுகிறவர், சில போர்டுகளிடம் அவற்றுக்குப் புரியாத மொழியில் கேள்வி கேட்கிறார். எல்லாப் போர்டுக்கும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 386, 486 போர்டுகளில் பெரும்பாலானவை மைனஸ் 5-ஐ ஐஎஸ்ஏ ஸ்லாட்டுக்குக் கடத்துவதோடு சரி. அது வராவிட்டாலும் பீப் கேட்கும்.

வாட் கூடினால் நல்லது என்ற நம்பிக்கைதான் இந்தத் துறையின் பெரிய மூடநம்பிக்கை. இன்றைய 500 வாட் எஸ்எம்பிஎஸ் தன் வலுவில் பெரும்பகுதியை 12 வோல்ட்டில் வைத்திருக்கிறது. பழைய போர்டு 5 வோல்ட்டைத்தான் குடிக்கும். இரண்டையும் சேர்த்தே கட்டுப்படுத்தும் மலிவான வகைகளில், 12-இல் லோடு இல்லாமல் 5-இல் மட்டும் இழுத்தால் 5 தாழும், 12 ஏறும். 5 வோல்ட்டுக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை 4.75 முதல் 5.25 வரை. அதைத் தாண்டினால் போர்டு தடுமாறுவதில் வியப்பில்லை, பழி மட்டும் போர்டின் தலையில் விழும். பழைய எஸ்எம்பிஎஸ்களுக்கோ நேர்மாறான குணம்: குறைந்தபட்ச லோடு இல்லாவிட்டால் சில தொடங்கவே தொடங்கா. ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்து, விசிறி சுற்றியதும் ‘எஸ்எம்பிஎஸ் ஓகே’ என்கிறார்களே, அதைத் தருக்க நூல்கள் திரிபுக் காட்சி என்றுதான் சொல்லும். கயிறு பாம்பாகத் தெரிவது போல, லோடில்லாத எஸ்எம்பிஎஸ் நல்லதாகத் தெரிகிறது. லோடு கொடுத்து மல்டிமீட்டரில் அளந்தது, அதே காலத்து நல்ல போர்டு ஒன்றை ஓட்டிக் காட்டியது, இந்தப் போர்டு கேட்கும் அழுத்தங்கள் எல்லாவற்றையும் தருவது: இந்த மூன்றும் உள்ள எஸ்எம்பிஎஸ் கேட்ட கேள்விக்கு வந்த மௌனத்தை மட்டுமே நான் சாட்சியாக ஏற்பேன்.

இங்கே பௌத்த மெய்யியலாளர் நாகார்ஜுனர் குறுக்கிடுவார். ஹைதராபாத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டரில், நாகார்ஜுனசாகர் நீர்த்தேக்கத்தில் இன்று தீவாக நிற்கும் நாகார்ஜுனகொண்டா அவர் பெயரைத் தாங்கியது. விக்கிரகவியாவர்த்தனி என்ற நூலில் அவர் கேட்பதன் சாரம் இதுதான்: பொருளை அளவையால் நிறுவுகிறீர்கள், அளவையை எதனால் நிறுவுவீர்கள்? போர்டைச் சோதிக்க எஸ்எம்பிஎஸ், அதைச் சோதிக்க மல்டிமீட்டர், அதையும் சோதிக்க இன்னொன்று, முடிவு எங்கே? நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் தராசைக் காட்டி விடை சொல்கிறது. பொன்னை நிறுக்கும்போது தராசு அளவை. எடை தெரிந்த பொன்னை வைத்துத் தராசையே சோதிக்கும்போது அது அளக்கப்படும் பொருள். ஒரே பொருள் இரண்டு வேலையும் பார்க்கலாம். ‘நல்ல போர்டை மாட்டிப் பார்’ என்கிற கடைக்காரர் செய்வதும் இதையே. எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போர்டு ஜாமீன், போர்டுக்கு எஸ்எம்பிஎஸ் ஜாமீன் என்றால் வட்டம் ஆகாதா? இரண்டு பேர் மட்டும் இருந்தால் ஆகும். இரண்டையும் சாராத மல்டிமீட்டர் மூன்றாவதாக வரும்போது வட்டம் தளர்கிறது. மல்டிமீட்டரின் வம்சாவளியைத் தேடிப் போனால் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் வோல்ட் தர அளவு வரை போகலாம். அதற்கும் மேலே, இயற்கை மாறிலிகளின் மதிப்பை இத்தனை என்று உலக நாடுகள் நிலைநிறுத்திக்கொண்ட, 2019-இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இருக்கிறது. கடைசியில் ஒப்பந்தத்தில்தானே வந்து நின்றீர்கள் என்று நாகார்ஜுனர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். மெக்கானிக்குக் கடைசி அஸ்திவாரம் தேவையில்லை. குறை யாருடையது என்று பிரித்தறிய முடிந்தால் போதும். அவர் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ‘நல்ல எஸ்எம்பிஎஸ்’ என்று தன்னளவில் ஒன்று கிடையாது; இந்தப் போர்டுக்கு, இந்த லோடில்தான் நல்லது. எதற்கும் சொந்த இயல்பு இல்லை, சார்பே உண்டு என்று அவர் சொன்னதற்கு லேபிளில் அச்சிட்ட 500 வாட்டை விட எளிய உதாரணம் தேடத் தேவையில்லை.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்றும் உண்டு. இப்படிப் போனால் எதையுமே ‘டெட்’ என்று சொல்ல முடியாதே. தோல்வி வரும்போதெல்லாம் சூழல் சரியில்லை என்று தப்பித்துக்கொள்ளலாமே? இந்த வாதத்தைப் பயன்படுத்திய பெரிய பெயர் நியாயவாதியான உதயணர். நியாயகுசுமாஞ்சலியின் மூன்றாம் பகுதியில், கடவுளைக் காணோம், ஆகவே கடவுள் இல்லை என்பாருக்கு அவர் தந்த விடை, கடவுள் புலனுக்கு எட்டத் தக்கவரே அல்லர் என்பது. தருக்கமாகப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கதவு இரண்டு பக்கமும் திறக்கும். காணாமையால் மறுக்க முடியாத ஒன்றைக் காட்சியால் நிறுவவும் முடியாது. உதயணரும் அதை உணர்ந்து கருதல் அளவையால்தான் கடவுளை நிறுவ முயன்றார். பிரார்த்தனைக்குப் பதில் வராதபோது ‘கேட்ட முறை சரியில்லை’ என்பவர், எந்த முறையில் கேட்டும் வராவிட்டால் ஒத்துக்கொள்வார் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்ல மறுத்தால் மௌனத்தைத் தன் கட்சிக்கு அழைக்கும் உரிமை அவருக்கு இல்லை. போர்டு இந்த இடத்தில் கடவுளைவிட எளிய வழக்கு. அதன் நிபந்தனைகள் எண்ணி முடியக்கூடியவை: நான்கு மின்னழுத்தங்கள், ஒரு பவர் குட், சரியான கிளாக், பிழையற்ற பயாஸ், நினைவகம். எல்லாம் கொடுத்தும் பேசவில்லை என்றால் ‘டெட்’ என்று தைரியமாகச் சொல்லலாம். அளவுக்கு மீறிய சந்தேகமும் ஒருவகைச் சோம்பல்தான்.

கடையில் இதற்கெல்லாம் ஏது நேரம் என்பார்கள். நேரத்துக்கு விலை உண்டு, உண்மைதான். ஆனால் இரண்டு தவறுகளும் சமமான தவறுகள் இல்லை. செத்த போர்டை உயிருள்ளது என்று நினைத்தால் அரை மணி நேரம் வீண். உயிருள்ளதைச் செத்தது என்று எழுதினால் அது உலோகம் பிரிக்கும் அமிலத்துக்குப் போய்விடும், அப்பீல் கிடையாது. போதாததற்குக் கேள்வி கேட்பவரே கொல்லவும் கூடும். பழைய போர்டின் டான்டலம் கெப்பாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தால், தாராளமாகக் கரண்ட் தள்ளும் எஸ்எம்பிஎஸ் அதை எரியவிட்டுப் பலகைத் தடங்களையும் கருக்கிவிடலாம். அதனால் முதல் முறை கரண்ட்டுக்கு வரம்பு வைக்கும் பெஞ்ச் சப்ளையில் 5 வோல்ட்டை மட்டும் கொடுத்து, இழுப்பு எவ்வளவு என்று பார்ப்பது நல்லது. முழு எஸ்எம்பிஎஸ் அதன் பிறகு வரட்டும். இத்தனைக்கும் நேரமில்லாதவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். மார்க்கரை எடுத்து போர்டின் மேல் ‘டெட்’ என்று எழுதும்போது, எந்த எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டிப் பார்த்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.