சாமி மலையேறிய பிறகு

அருள் வந்து ஆடும் பெண்ணின் முன் ஊர் கைகட்டி நிற்கிறது. அவளைவிட மூத்த ஆண்களும் 'தாயே' என்று திருநீற்றுக்கு நெற்றியை நீட்டுகிறார்கள். சற்று நேரத்தில் 'சாமி மலையேறிடுச்சு' என்று யாரோ சொல்ல, அவளுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். அதன்பின் அவள் சொல்லுக்கு வீட்டில் என்ன மதிப்பு? பெண்ணின் ஆற்றல் அவளுடையதா, அவள்மேல் வந்து போவதா?

மார்க்கையன்கோட்டைப் பக்கத்துப் பெண்களுக்குச் சித்திரை என்றால் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. விரதமிருந்து அக்கினிச்சட்டி ஏந்துகிறார்கள். முல்லையாற்றுத் தண்ணீரைச் சுமந்துவந்து கம்பத்துக்கு ஊற்றுகிறார்கள். பசியையும் சூட்டையும் தாங்குவது அவர்கள் உடம்பு. வேண்டுதலோ பெரும்பாலும் கணவனுக்கும் பிள்ளைக்கும்.

வேல்ஸ் நாட்டுப் பழங்கதை ஒன்றிலும் ஒரு பெண் நெருப்பில் கொப்பரை ஏற்றுகிறாள். கெரிட்வென் என்னும் அவள், தன் மகனுக்கு ஞானம் வாய்க்க ஓராண்டும் ஒரு நாளும் மூலிகை காய்ச்சுகிறாள். கிளற வைத்த க்வியோன் என்ற சிறுவனின் விரலில் மூன்று துளி தெறிக்கிறது. அவன் விரலைச் சப்ப, ஞானம் அவனுக்குப் போய்விடுகிறது. அவன் முயலாகி ஓட, அவள் வேட்டைநாயாகித் துரத்துகிறாள். அவன் மீனாக, அவள் நீர்நாய். அவன் பறவையாக, அவள் பருந்து. கடைசியில் தானியமாகக் கிடந்தவனைக் கோழியாகி விழுங்கிக் கருவுற்று, தலியெசின் என்னும் பெருங்கவிஞனாகப் பெற்றெடுக்கிறாள்.

பண்டைய கெல்ட்டியரின் குருமாரான ட்ரூயிட்டுகளின் வழியில் நடக்க விரும்பும் இன்றைய குழுக்கள் இதைத் தீட்சைக் கதையாகப் படிக்கின்றன. அச்சம், உருமாற்றம், மறுபிறப்பு என்று உள்ளாற்றலை அடையும் படிகளை இதில் காண்கிறார்கள். அழகான வாசிப்புதான். ஆனால் தீட்சை பெறுபவன் அவன். மூலிகை அறிந்தவளும், அவனுக்கு ஈடாக உருமாறியவளும், பத்து மாதம் சுமந்தவளும் அவனுக்கு வாய்த்த சோதனை மட்டும்தானா?

இந்தக் கேள்வியோடு கண்ணகியிடம் வருவோம். மதுரை எரிந்தபின் வைகைக்கரை வழியே மேற்கே நடந்து, பதினான்காம் நாள் வேங்கை மரத்தடியிலிருந்து குறவர் காண விண்ணேறினாள் என்கிறது சிலப்பதிகாரம். அந்த மலை என்று நம்பப்படும் கூடலூருக்கு மேலுள்ள மங்கலதேவி கோயிலுக்குச் சித்திரா பௌர்ணமி அன்று மட்டும் பக்தர்களை விடுகிறார்கள். நாம் அங்கே கும்பிடுவது கற்பையும் தீயையும்.

அவள் வென்றதோ அதற்கு முன்பே, அவையில். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் முத்து என்று பாண்டியன் வாயாலேயே வந்தது. உடைத்துக் காட்டினாள். சான்றும் வாதமும் போதுமாக இருந்தன. அப்போது அவள் முலை திருகி எறிந்திருக்கவில்லை. தெய்வமும் ஆகவில்லை. கணவனை இழந்து அயலூரில் தனியே நின்ற பெண் அவள்.

அருள் பொய் என்று நான் சொல்லவில்லை. வாயடைக்கப்பட்டவளுக்கு அதுவே வாய். அங்கேயாவது அவள் உரக்கப் பேசுகிறாள், அதட்டுகிறாள். ஆனால் பேசுவதற்கு ஒரு பெண் தெய்வமாக வேண்டியிருக்கிறது என்றால், குறை அவளிடம் இல்லை, கேட்கும் நம்மிடம்தான். இனித் தீட்சை பெற வேண்டியவர்கள் நாமே. காப்பு அவிழ்த்த மறுநாள் அதே பெண், 'திராட்சைத் தோட்டத்தில் எனக்கு ஏன் கூலி குறைவு?', 'இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்' என்று சாதாரணக் குரலில் சொல்வாள். அதைக் கேட்க முந்தினநாள் கட்டிய கையைக் கட்டி நிற்போமா?