அடுப்பும் பள்ளிக்கூடமும்

சேவை என்ற சொல்லை நம்மவர்கள் சற்றுக் கூச்சத்தோடுதான் உச்சரிக்கிறார்கள். ஆண்டு விழா மேடைகளும் நன்கொடைக் கல்வெட்டுகளும் அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டன. சேவை செய்கிறவருக்குள் தன்னையே மெச்சிக்கொள்ளும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற சந்தேகம் வேறு. சந்தேகம் நியாயமானதே. ஆனால் செய்கிறவரின் அந்தரங்கத்தைத் துருவுவதோடு விசாரணை முடிந்துவிடுவதில்லை. பெறுகிறவருக்கு என்ன நேர்கிறது என்பது அதைவிடக் கடினமான கேள்வி. கடலூர் மாவட்டத்திலேயே நடந்த இரண்டு காரியங்களை அருகருகே வைத்து இதை யோசிக்கலாம்.

முதலாவது எல்லோரும் அறிந்தது. 1867 மே 23-இல் ராமலிங்க அடிகள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பந்தியில் உட்காருகிறவரிடம் சாதியோ சமயமோ கேட்பதில்லை. கேட்க அவசியமும் இல்லை. பசிக்கு அடையாளம் கிடையாது. உண்டவர் கையைக் கழுவிக்கொண்டு, வந்தபோது யாராக இருந்தாரோ அவராகவே எழுந்து போகலாம். இட்டவருக்கும் உண்டவருக்கும் இடையே பாக்கி எதுவும் இல்லை.

இரண்டாவது பரங்கிப்பேட்டையில் நடந்தது. வெள்ளாறு கடலில் கலக்கும் இடம். போர்த்துக்கீசியர் போர்ட்டோ நோவோ என்று பெயரிட்ட பழைய துறைமுகம். வாணிபத்துக்கு வந்தவர்கள் அங்கே பலர். ஆன் மேரி பீட்டர்சன் வேறு காரியமாக வந்தவர். 1909-இல் டென்மார்க்கிலிருந்து மிஷன் ஊழியத்துக்கென்று தமிழ்நாட்டுக்கு வந்தார். 1917-இல் எஸ்தர் ஃபேரிங் என்ற இளைய தோழியோடு அகமதாபாத் சென்று காந்தியின் ஆசிரமத்தைப் பார்த்தார். 1921 செப்டம்பரில், ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்தபோது, பரங்கிப்பேட்டையில் அவருடைய சேவா மந்திருக்கு அஸ்திவாரக் கல் நாட்டியவர் காந்திதான். அதே மாதம்தான் அவர் மதுரையில் அரையாடைக்கு மாறினார். பெண் குழந்தைகளுக்குத் தேசியக் கல்வி தரும் பள்ளிக்கூடம் அது. 1951-இல் இறக்கும்வரை பீட்டர்சனின் வாழ்க்கை அந்தக் குழந்தைகளோடுதான்.

அடுப்பைப் போலப் பள்ளிக்கூடம் சுத்தமாக இருக்க முடியாது. குழந்தை வெறும் பசி அல்ல. அதற்கு மொழி வேண்டும், பாட்டு வேண்டும், எது அசிங்கம் எது அழகு என்று யாராவது சொல்ல வேண்டும். ஒன்றையும் திணிக்காமல் வளர்ப்பது என்பதும் ஒரு திணிப்புதான். இதற்குக் குழந்தையின் சம்மதத்தைப் பெறவும் வழியில்லை. சம்மதம் தரக்கூடிய மனுஷியே அந்த வளர்ப்பில்தான் உருவாகிறாள். மதமாற்றம் பற்றி நாம் போடும் சத்தம் இந்தப் பிரச்னையின் மேல்தோலை மட்டுமே தொடுகிறது. குருகுலமும் கட்சிக் குடும்பமும் இதையே செய்கின்றன. ஏன், ஒரு சிறுபத்திரிகைக் குழுவும் தன்னிடம் வரும் இளைஞனை இப்படித்தான் செய்கிறது.

அப்படியானால் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு இந்த உரிமை எங்கிருந்து வந்தது? அன்பிலிருந்து என்று சொல்லலாம். ஆனால் அன்பு உரிமை தருவதில்லை. உருவாக்குகிற வேலையை இன்னும் ஆழமாகச் செய்ய உதவுகிறது, அவ்வளவுதான். தேசியக் கல்விதானே, குழந்தையிடம் அதற்குரியதைத்தானே கொடுத்தார் என்றும் சொல்லலாம். எது அதற்குரியது என்று தீர்மானித்தது யார்?

முன்கூட்டியே கிடைக்கும் உரிமை எதுவும் இல்லை என்பது என் கட்சி. பின்னால் அடைக்க வேண்டிய கடன் மட்டுமே உண்டு. வளர்த்தவர் போய்விடக் கூடாது. எட்டு வயதில் வந்தவள் முப்பது வயதில் திரும்பி வந்து, என்னை ஏன் இப்படி ஆக்கினாய் என்று கேட்கும்போது பதில் சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும். டோனாவூரில் குழந்தைகளை வளர்த்த எமி கார்மைக்கேலும் 1951-இல்தான் இறந்தார். 55 ஆண்டுகள் இந்தியாவிலிருந்து ஊர் திரும்பவே இல்லை. இதைத் தியாகம் என்று புகழ்கிறார்கள். அம்மா என்று அழைக்க அனுமதித்த பிறகு திரும்பிப் போகும் சுதந்திரம் அவருக்கு மிச்சம் இருந்ததா? 1874-இல் ராமலிங்கர் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று தாளிட்டுக்கொண்ட பிறகும் அடுப்பு எரிந்தது. அடுப்பைக் கைமாற்றலாம். ஒரு குழந்தைக்குத் தந்த முகத்தைக் கைமாற்ற முடியாது.

தங்கிவிடுவதே ஆக்கிரமிப்பாகவும் ஆகக்கூடும். எந்நேரமும் எதிரில் நிற்கும் தாயிடமிருந்து யாரும் விடுதலை பெறுவதில்லை. ஆகவே இருப்பு மட்டும் போதாது. வளர்த்தவரும் மாறியிருக்க வேண்டும். பீட்டர்சன் விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பிரிட்டிஷ் அரசுக்கு விசுவாசமாக இருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பிலேயே அயல்நாட்டு மிஷனரிகள் இங்கே அனுமதிக்கப்பட்ட காலம் அது. அவர் தன் கிறிஸ்துவை விடவில்லை. ஆனால் எந்த மக்களுக்குப் போதிக்க வந்தாரோ அவர்களுடைய போராட்டத்தின் பக்கம் போய் நின்றார். போதிக்க வந்தவர் போதனைக்கும் ஆளானார். உருவாக்கம் ஒருவழிப் பாதையாக இல்லை.

நம் மொழியில் சேவையைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் செய்தவரின் சரித்திரமாகவே இருக்கிறது. வளர்க்கப்பட்டவர்கள் எழுதினால் அதில் நன்றி இருக்கும், கசப்பும் இருக்கும். அந்தக் கசப்பையும் கேட்டுக்கொள்ளத் தயாராக இல்லாதவர் அன்னம் இடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். அது குறைந்த காரியமல்ல.