யார் ஏற்றிய எடை?

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி விடியலில் நம்பெருமாள் புறப்படும்போது கூட்டம் பெருமாளைப் பார்க்கும். என் கண் தண்டுக்குக் கீழே நகரும் கால்களுக்குப் போய்விடும். ஸ்ரீபாதம் தாங்கிகளின் கால்கள். சிம்ம கதி, சர்ப்ப கதி என்று அந்த நடைகளுக்குப் பெயர்கள் உண்டு. அத்தனை கனத்தையும் தோளில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே உடம்பாக அசைய வேண்டும். பொறியியல் படித்த புத்தி சும்மா இருக்குமா? இவர்களுக்கு ஆளுக்கொரு எக்ஸோஸ்கெலிட்டன் மாட்டிவிட்டால் என்ன?

உடம்புக்கு வெளியே அணியும் இயந்திர எலும்புக்கூடு அது. சிலவற்றில் மோட்டார் இருக்கும். சிலவற்றில் வெறும் ஸ்பிரிங்தான்: குனியும்போது ஆற்றலைச் சேமித்து, நிமிரும்போது திருப்பித் தரும். 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் கட்டிய 'ஹார்டிமேன்' ஏறக்குறைய 680 கிலோ. ஆளை உள்ளே நிறுத்தி அதை முழுதாக இயக்கவே முடியவில்லை. இன்று ஸ்கூல் பை மாதிரி மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது.

பல வருஷம் பெருமாளுக்குத் தோள் கொடுத்த ஒரு மாமா எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம் சொன்னேன். "பாதி வெயிட்டை அது தாங்கிக்கும் மாமா."

சிரித்தார். "அப்போ பெருமாளை ஏளப்பண்றது நானா, பேட்டரியா?"

எனக்குப் பதில் இல்லை. தோளில் சுமக்கும் அந்த வாகனத்துக்குப் பெயரே தோளுக்கினியான். அவருக்கு அந்த எடைதான் கைங்கர்யம். அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் போக்குவரத்து.

ஆனால் இதை வைத்துக்கொண்டு சுமப்பதே புனிதம் என்று எழுதினால் அது அயோக்கியத்தனம். காவிரிப் பாலத்தைத் தாண்டி ராத்திரி காந்தி மார்க்கெட் பக்கம் போனால் தெரியும். லாரியிலிருந்து மூட்டை இறக்கும் அண்ணனிடம் இந்தத் தத்துவம் செல்லாது. முதுகு போனால் அவருக்குப் பிழைப்பு போச்சு. அவருக்குக் கொடுக்கலாமே அந்த உடையை?

கொடுக்கலாம். ஆனால் மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் இரண்டு பங்கு தூக்க ஆரம்பித்தால், மூட்டைக்கூலி அதே இடத்தில் நிற்குமா? 2018இல் ஃபோர்டு தன் கார் ஆலைகளுக்கு எக்ஸோவெஸ்ட் என்ற மேலுடையைக் கொண்டுவந்தது. தலைக்கு மேலே வேலை செய்பவர்கள் சிலர் நாளைக்கு 4,600 தடவை வரை கையைத் தூக்குகிறார்கள் என்று கணக்கும் சொன்னது. உடை ஒரு கைக்கு 2 முதல் 7 கிலோ வரை தாங்கிக்கொள்ளும். தோள்வலி குறைந்தால் நிச்சயம் நல்லது. 4,600 ஏன் 2,300 ஆகக்கூடாது என்ற கேள்விக்கு மட்டும் அந்த உடையில் இடமில்லை.

நம் ஊரில் சிமெண்ட் மூட்டை 50 கிலோ. பிரிட்டனில் 25 கிலோ மூட்டை சர்வசாதாரணம். மூட்டையைப் பாதியாக்க மோட்டார் வேண்டாம், என்னைப் போல ஒருவன் எழுதும் சாஃப்ட்வேரும் வேண்டாம். பையைச் சின்னதாகச் செய்தால் போதும்.

இந்த உடை யாருக்காவது சந்தேகமே இல்லாமல் வேண்டும் என்றால், உடம்பே சுமையாகிப்போனவர்களுக்குத்தான். இஸ்ரேல் பொறியாளர் அமித் கோஃபர் 1997இல் ஒரு விபத்தில் நடக்கும் திறனை இழந்தார். இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களை நடக்கவைக்கும் 'ரீவாக்' அவர் உருவாக்கியது. ஊன்றுகோலைப் பிடிக்கக் கையில் வலு வேண்டும். அவருக்குக் கைகளும் பாதிக்கப்பட்டிருந்ததால் தன் கண்டுபிடிப்பைத் தானே அணிய முடியவில்லை. பிறகு நின்றபடி நகரும் சக்கர நாற்காலி ஒன்றைச் செய்தார். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2019இல் வெளியிட்ட 'அரைஸ்' நாற்காலியும் உட்கார்ந்திருப்பவரை எழுந்து நிற்கவைப்பதுதான். அடுத்தவர் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்துப் பேசும் ஆசை அது. அதன் முன்னால் என் வாதம் எதுவும் நிற்காது.

ஆக, எவ்வளவு தூக்கும் என்று கேட்பதற்கு முன்னால், அந்த எடையை ஏற்றியது யார் என்று கேட்கவேண்டியிருக்கிறது. விரும்பி எடுத்துக்கொண்டதா, விதி வைத்ததா, இன்னொருத்தர் லாபத்துக்காக ஏற்றியதா?

இப்படி மூன்றாகப் பிரித்து நிம்மதியாக இருந்தேன். போன மாதம் மாமாவை 1ஆம் நம்பர் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். அவருக்கு இப்போது முட்டி சரியில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்க முடியாமல் நின்றார். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

"ஏண்டா, அந்த சூட் வந்துடுத்தா?" என்றார்.

"வேண்டாம்னேளே மாமா?"

"பெருமாளுக்கு வேண்டாம்னேன். டவுன் பஸ்ஸுக்கு வேணும்."

அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டுக் கீழே நின்றேன். பஸ்ஸின் முதல் படியைப் பார்த்தேன். என் முழங்காலைத் தொடும் உயரத்தில் இருந்தது.