இரக்கம் ஒரு நாள், பொறுப்பு தினமும்



இன்று ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். இன்னும் சில மாசமோ சில வருஷமோதான் இருக்கும், அதுவும் நோயோடுதான் இருக்கும் என்று தெரிந்தே ஒரு உயிரை வீட்டுக்குக் கூட்டி வரலாமா? அது கருணையா, வீண் பிடிவாதமா?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது ஒரு பூனையால்.

போன வருஷம் ஆபீஸ் நண்பன் ஒருவன் பூனைக்குட்டி எடுக்கணும்னு சொன்னான். துணைக்கு நானும் சென்னையில் ஒரு விலங்குகள் காப்பகத்துக்குப் போனேன். குட்டிகள் இருந்த பக்கம்தான் எல்லோரும் நின்றார்கள். மூலைக் கூண்டில் ஒரு வயசான பெண் பூனை, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அதை யாரும் கேக்க மாட்டாங்க சார். பன்னெண்டு வயசு. கிட்னி பிரச்சினை. வளர்த்தவங்க வெளிநாடு போறப்ப விட்டுட்டுப் போய்ட்டாங்க" என்றார் அங்கே வேலை செய்யும் அக்கா.

நண்பன் குட்டியோடு திரும்பினான். நான் வெறும் கையோடு வந்தேன். ஆனால் அந்த முதுகு மனசை விட்டுப் போகலை. அடுத்த சனிக்கிழமை போய் கையெழுத்துப் போட்டு கூட்டி வந்துவிட்டேன். பெயர் பொன்னி.

நண்பன் சிரித்தான். "டேய், சப்போர்ட் முடிஞ்ச சாஃப்ட்வேரை யாராவது புதுசா இன்ஸ்டால் பண்ணுவாங்களா?"

அம்மா சிரிக்கவில்லை. "பூனைக்குப் பன்னெண்டு வயசுன்னா நமக்கு எவ்வளவுடா?" என்று கேட்டார். ஏறக்குறைய 64 என்றேன். "அப்போ எனக்கே அக்கா. இந்த வயசுல உனக்கு இது தேவையா கண்ணா?"

இருவர் கேட்டதும் நியாயமான கேள்விதான்.

பூனைகளுக்கு வயதானால் சிறுநீரகம் பழுதாவது சாதாரணமாக வரக்கூடிய நோய். மெதுவாக, சத்தமில்லாமல் வரும். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறித் தெரியும்போது, சிறுநீரகத்தின் வேலைத்திறனில் நான்கில் மூன்று பங்கு வரை போயிருக்கும். போனது திரும்பி வராது. மீதி இருப்பதைக் காப்பாற்றத்தான் எல்லா மருத்துவமும். பாஸ்பரஸ் குறைந்த சாப்பாடு, நிறையத் தண்ணீர். குடிக்கிற தண்ணீரெல்லாம் சிறுநீராகவே போய்விடுவதால் உடம்பு வறண்டு போகும். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 100 மில்லி ரிங்கர் லாக்டேட் தோலுக்கடியில் ஏற்ற வேண்டும். பாட்டிலை ஜன்னல் கம்பியில் மாட்டி, தோள்பட்டைக்கு மேலே தோலைக் கூடாரம் மாதிரி இழுத்துப் பிடித்து, ஊசியை உள்ளே விடணும். டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தபோது என் கைதான் நடுங்கியது.

முதல் மாசம் ஒரு பெருமையிலேயே ஓடிவிட்டது. ஸ்டேட்டஸில் போட்டோ போட்டேன். "உங்க மனசு யாருக்கு வரும்" என்று எத்தனையோ பேர் பதில் போட்டார்கள்.

இரண்டாம் மாசம்தான் உண்மை தெரிந்தது. ஆபீஸில் ரிலீஸ் நேரம். ராத்திரி ஒரு மணிக்கு லேப்டாப்பை மூடினால், காலை ஆறு மணிக்கு ஊசி. என் காலடிச் சத்தம் கேட்டாலே பொன்னி கட்டிலுக்கு அடியில் போய்விடும். யாருக்காக இவ்வளவு செய்கிறேனோ, அதற்கு உலகத்திலேயே பிடிக்காத ஆள் நான்தான்! ஒரு நாள் ஊசி நழுவி, திரவம் எல்லாம் தரையில் கொட்டி, கையில் கீறலும் வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "என்னால முடியலை, திரும்பக் கொண்டுவந்து விடலாமா?" என்று காப்பகத்துக்கு மெசேஜ் டைப் பண்ணினேன்.

அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று அன்றைக்கு எனக்கே தெரியாது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன்.

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். புறாவுக்காகத் தன் சதையை அறுத்துக் கொடுத்த சிபியையும் தெரியும். பெரிய மனசுகள், சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். தேர் கொடுத்த மறுநாள் காலையில் அந்தக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? அதற்கடுத்த நாள்? யாரோ ஒருவர் ஊற்றித்தானே இருக்க வேண்டும். அவர் பெயர் எந்தப் பாடத்திலும் இல்லை.

இரக்கம் ஒரே நாளில் வந்துவிடும். தேரையே கொடுக்க வைக்கும். ஆனால் அது தூக்கத்தைப் போலத்தான், வரும்போது வரும், கலையும்போது கலைந்துவிடும். அது கலைந்த பிறகும் காலை ஆறு மணிக்கு எழுப்பிவிடுவது வேறொன்று. அதற்குப் பெயர் பொறுப்பு.

சரி, அந்தப் பொறுப்பு எங்கிருந்து வந்தது? என் பாட்டி படுத்த படுக்கையாக இருந்தபோது அம்மா மூன்று வருஷம் பார்த்துக்கொண்டார். அது கடன். பாட்டி எங்களைத் தூக்கி வளர்த்தவர். பொன்னி எனக்கு எதுவும் செய்ததில்லை. அந்தக் காப்பகத்திலிருந்து நான் வெறும் கையோடு திரும்பியது பாவம் இல்லை. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு கதை மாறிவிட்டது. ஏற்கெனவே ஒருமுறை விடப்பட்ட உயிர் அது. இரண்டாவது முறை விட்டால், முதல் ஆளைவிட நான் மோசமானவன். அவர்களுக்காவது பின்னால் நோய் வரும் என்று தெரிந்திருக்காது. எனக்கு எல்லாம் தெரியும், தெரிந்தேதான் "சரி" என்றேன்.

"இந்தக் காசுக்கு ரெண்டு பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டலாமே" என்று சிலர் கேட்டார்கள். கட்டலாம்தான். நான் விலை உயர்ந்த ஹெட்ஃபோன் வாங்கியபோது யாரும் இதைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். பூனைக்குச் செலவு செய்கிறோம் என்பதற்காக மனிதர்களுக்குச் செய்வது நின்றுவிடக் கூடாது. அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொரு கேள்விதான் என்னை ரொம்ப உறுத்தியது. அதற்குப் புரியாத வலியை நான் தினம் கொடுக்கிறேனே, அது அதற்காகவா, "நான் நல்லவன்" என்று சொல்லிக்கொள்ளவா? டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். அவர் சொன்னார்: "தம்பி, உங்க மனசைக் கேக்காதீங்க. பூனையைப் பாருங்க."

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் இதற்காகவே ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு விஷயம். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மொத்தம் 70-இல் 35-க்கு மேல் இருந்தால் தொடர்ந்து பார்த்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே போனால், நம் ஆசைக்காக அதை இழுத்துப் பிடிக்கிறோமோ என்று யோசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் நானும் அம்மாவும் உட்கார்ந்து மார்க் போடுகிறோம். அம்மா எப்போதும் கூடவே போடுவார்!

வயசான, நோயுள்ள பூனையை எடுக்க நினைக்கும் அன்பர்கள் முதலில் இந்த மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. நான் ஊரில் இல்லாத நாளில் ஊசி போடுவது யார்?
2. மாசாமாசம் மருந்து, பரிசோதனைச் செலவை மூன்று வருஷத்துக்குத் தாங்க முடியுமா?
3. போதும் என்று நிறுத்த வேண்டிய நாள் வந்தால், அதற்கும் நான் துணை நிற்பேனா?

இதில் ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் எடுக்காதீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காப்பகத்துக்கு ஒரு மாச மருந்துச் செலவைக் கொடுங்கள், அதுவும் பெரிய உதவி.

பொன்னி வந்து பதினான்கு மாசம் ஆகிறது. இன்றைக்கும் ஊசி பிடிக்காது. ஆனால் கட்டிலுக்கடியில் போவதில்லை. அம்மா மடியில் துண்டை விரித்து, "வாங்கக்கா" என்று கூப்பிடுவார். முறைத்துக்கொண்டே வந்து உட்காரும். போன ஞாயிறு மார்க் 46. அதற்கு முந்தின மாசம் 51.

எண் இறங்குகிறது என்று எனக்குத் தெரியும். நாளைக் காலை ஆறு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்